டேர்ம் எத்தனை வருஷம்?

பாலிசி போட உட்காருகிறவரிடம் ஏஜென்ட் கேட்டே ஆக வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "டேர்ம் எத்தனை வருஷம் போடலாம்?" மயிலாடுதுறை வட்டாரத்தில் (எங்களுக்கு இன்னும் அது மாயவரம்தான்) இதற்கு நேராக ஓர் எண்ணைச் சொன்னவர்கள் குறைவு. "பெரிய பொண்ணு இப்ப மூணாவது படிக்குது. அதுக்கு ஒரு இருபத்திரண்டு வயசாவது ஆகணும்ல, அதைக் கணக்குப் பண்ணிப் போடுங்க சார்" என்பார்கள். "தம்பி படிச்சு வேலைக்குப் போற வரைக்கும்." "வீட்டு லோன் முடியுற வரைக்கும் இருந்தாப் போதும்." பதினைந்து, இருபது என்கிற எண்ணை நான்தான் விரல்விட்டு எண்ணி எழுதிக்கொள்வேன். எனக்கு இந்த வயது வரை வாழ ஆசை, அதனால் இத்தனை வருஷம் போடுங்கள் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

நான் தொழிலுக்கு வந்த காலத்தில் பிளான்களுக்குப் பெயரைவிட எண்தான் புழக்கம். 'டேபிள் 14' என்றால் எண்டோமென்ட். 75 என்றால் இருபது வருஷ மணிபேக். இரண்டும் சுலபமாகப் போகும், ஏனென்றால் உயிரோடு இருந்தாலும் பணம் வரும். 'டேபிள் 2' முழு ஆயுள் பாலிசி. பிரீமியம் குறைவு, காப்பு அதிகம், ஆனாலும் விற்காது. "அப்ப நான் செத்தாத்தான் காசா?" என்று முகத்தைச் சுளிப்பார்கள். பயிற்சிக் காலத்தில் எங்கள் டி.ஓ. (டெவலப்மென்ட் ஆபீசர்) முதலில் சொல்லிக் கொடுத்ததே அந்தச் சொல்லை வாயில் எடுக்காதே என்பதுதான். "நாளைக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா" என்றுதான் பேச வேண்டும். அந்த 'ஏதாவது ஒண்ணு' என்னவென்று கேட்டவரும் இல்லை, புரியாதவரும் இல்லை.

இதில் வேடிக்கை, எனக்கு வியாபாரம் நன்றாக நடந்த ஊர்களில் திருக்கடையூரும் ஒன்று. கூற்றுவனையே உதைத்த ஊரில் ஆயுள் காப்பீடு விற்றிருக்கிறேன். அறுபது நிறைந்தால் சஷ்டியப்தபூர்த்தி, எழுபதில் பீமரத சாந்தி, எண்பதில் சதாபிஷேகம் என்று நாள் தவறாமல் கல்யாணக் கூட்டம். பிள்ளைகள் சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்து அப்பா அம்மாவை மணையில் உட்கார்த்தி, கலச நீரைத் தலையில் ஊற்றி, மறுபடியும் தாலி கட்ட வைப்பார்கள். பிள்ளைகள் எல்லோரும் ஒரே இடத்தில், கையில் கொஞ்சம் பணத்தோடு, பெற்றோர் வயதை நினைத்துக்கொண்டு நிற்கும் நாள் அது. ஏஜென்டுக்கு வேறென்ன வேண்டும்?

தலபுராணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் பாதிதான் தெரியும். மிருகண்டு முனிவருக்குப் பிள்ளை வரம் தரும்போதே சிவன் ஒரு பேரம் வைக்கிறார்: நீண்ட ஆயுளுள்ள மந்தமான பிள்ளை வேண்டுமா, பதினாறே வயது வாழும் நல்ல பிள்ளை வேண்டுமா? பெற்றவர்கள் பதினாறைத்தான் கேட்கிறார்கள். நாள் வந்ததும் மார்க்கண்டேயன் லிங்கத்தைக் கட்டிக்கொள்ள, எமன் பாசக்கயிற்றை வீச, சிவன் காலால் உதைக்கிறார். அதோடு நாம் அர்ச்சனைத் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுகிறோம். பிறகு நடந்தது என்ன? எமன் விழுந்து கிடக்கிறான், பூமியில் யாரும் சாகவில்லை. பிறப்பு மட்டும் நிற்கவில்லை. பாரம் தாங்காமல் பூமாதேவி போய் முறையிடுகிறாள். எமனை எழுப்பிவிட வேண்டியதாகிறது. காலசம்ஹாரம் நடந்த ஊரின் கதையே காலனைத் திரும்ப வேலைக்கு எடுத்துக்கொள்வதில்தான் முடிகிறது. என்றும் பதினாறாக நின்றவன், வயதாகிக்கொண்டே போன தன் அப்பா அம்மாவை என்ன செய்தான் என்று மட்டும் எந்தக் குருக்களும் எனக்குச் சொன்னதில்லை.

அங்கே மணையில் உட்காரும் பெரியவர்களோடு நிறையப் பேசியிருக்கிறேன். மார்க்கண்டேயன் ஆக வேண்டும் என்று வேண்டிக்கொண்டவர் யாரும் இல்லை. "பேத்தி கல்யாணத்தைப் பாத்துட்டா போதும்" என்பார்கள். பேத்தி கல்யாணம் முடிந்து எழுபதுக்கு வரும்போது கொள்ளுப்பேரன் என்பார்கள். போதும் என்ற சொல்லும் பொய்யில்லை, அது தள்ளிக்கொண்டே போவதும் பொய்யில்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் அந்தத் தேதி வேறொருவருடைய வாழ்க்கையில்தான் இருக்கும்.

இப்படிச் சொல்வதால் சாவுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைக்க வேண்டாம். சாவுதான் வாழ்க்கைக்கு அர்த்தம் தருகிறது என்று ஓர் இலக்கிய மேடையில் ஒருவர் அழகாகப் பேசினார். கைதட்டினார்கள். எனக்குக் கை எழவில்லை. தரங்கம்பாடிப் பக்கம் ஒரு வீடு நினைவுக்கு வந்துவிட்டது. மினி லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர், முப்பதை ஒட்டிய வயது, விபத்து. டெத் கிளைம் பேப்பர் எழுத நான் போயிருந்தேன். பாலிசி பாண்டு, இறப்புச் சான்றிதழ், விபத்து என்பதால் எஃப்.ஐ.ஆர்., போஸ்ட்மார்ட்டம் அறிக்கை, நாமினியின் வங்கிப் பாஸ்புக் என்று கேட்கக் கேட்க அந்தப் பெண் ஜவுளிக்கடைப் பை ஒன்றிலிருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தார். கடைசியாக ரப்பர் பேண்டு போட்ட பிரீமியம் ரசீதுக் கட்டு. ஒவ்வொரு ரசீதின் பின்பக்கமும் கணவர் கணக்கு எழுதியிருந்தார்: டீசல் எவ்வளவு, டயருக்கு எவ்வளவு பாக்கி, பாப்பா பீஸ் எவ்வளவு. "சார், இதையும் அவங்க வாங்கி வச்சுக்குவாங்களா?" என்று கேட்டார். தேவையில்லைம்மா என்றேன். கட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். அந்தச் சாவு எந்த வாழ்க்கைக்கும் எந்த அர்த்தத்தையும் கொடுக்கவில்லை. இருந்ததைப் பிடுங்கிக்கொண்டு போனது, அவ்வளவுதான். மேடையில் சொன்னதை அந்த வீட்டுத் திண்ணையில் வந்து சொல்ல யாருக்கும் வாய் வராது.

ஆயுள் கூடினால் வாழ்க்கை நீர்த்துப்போகும் என்ற வாதமும் எனக்கு ஒட்டவில்லை. நாடு விடுதலை அடைந்த காலத்தில் இந்தியரின் சராசரி ஆயுள் 32 வயதை ஒட்டி இருந்தது. இன்று 70ஐ ஒட்டி. இரண்டு மடங்கு. பிறந்த குழந்தைகள் முன்புபோல் அதிகம் சாவதில்லை என்பது அதில் பெரும்பங்கு என்றாலும், பெரியவர்களும் கூடுதலாகத்தான் வாழ்கிறார்கள். அதனால் என் தாத்தாவின் வாழ்க்கையில் இருந்த அர்த்தத்தில் பாதிதான் எனக்கு மிஞ்சியிருக்கிறது என்று சொல்ல முடியுமா? தாத்தா தன் தாத்தாவைப் பார்த்ததே இல்லை. என் பிள்ளைகள் என் அப்பாவிடம் கணக்குப் பாடம் படித்தார்கள். அந்தக் கூடுதல் வருஷங்களை எவன் வேண்டாம் என்பான்?

எங்கள் தொழிலில் பொருள் இரண்டுதான். சீக்கிரம் போய்விட்டால் என்ன செய்வது என்பதற்கு ஒரு பாலிசி. போகாமலே இருந்துவிட்டால் என்ன செய்வது என்பதற்கு இன்னொன்று, அதுதான் பென்ஷன். ஓய்வு பெற்ற பணத்தை மொத்தமாகக் கட்டிவிட்டால் உயிரோடு இருக்கும்வரை மாதாமாதம் வரும். அதில் பல விருப்பங்கள் உண்டு. ஒன்றில் பென்ஷன் கூடுதல், ஆனால் ஆள் போனால் எல்லாம் முடிந்தது. இன்னொன்றில் பென்ஷன் குறைவு, ஆனால் கட்டிய பணம் அப்படியே நாமினிக்குத் திரும்பப் போகும். இரண்டையும் தாளில் எழுதிக் காட்டுவேன். "உங்க பணம், நீங்களே நல்லாச் சாப்பிட்டுட்டுப் போங்க" என்றுகூடச் சொல்லிப் பார்ப்பேன். பெரும்பாலும் இரண்டாவதில்தான் விரலை வைப்பார்கள். மகன் அமெரிக்காவில் சம்பாதிக்கிறான், அவனுக்கு இந்தப் பணம் ஒரு மாதச் சம்பளம்கூட இல்லை, ஆனாலும் இரண்டாவதுதான். மாதம் சில ஆயிரம் குறைந்தாலும், தனக்குப் பின்னால் ஏதாவது ஒன்று யார் கைக்காவது போக வேண்டும்.

பென்ஷன் வாங்குகிறவர் வருஷத்துக்கு ஒரு தடவை தான் உயிரோடு இருப்பதாகச் சான்று தர வேண்டும். முன்பு அதிகாரி யாரிடமாவது கையெழுத்து வாங்க அலைய வேண்டும். இப்போது செல்போனில் முகத்தைக் காட்டினாலே போதும். ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவருக்கு நான்தான் போய் அந்த வேலையைச் செய்து கொடுப்பேன். சதாபிஷேகம் முடிந்தவர். "உயிரோட இருக்கேன்னு இதுகிட்ட காட்டணுமா? வீட்டுக்காரியைக் கேளுங்க தம்பி, காலையிலேருந்து கத்திக்கிட்டுத்தான் இருக்கேன்" என்பார். ஒருநாள் கேட்டார்:

"இதை எது வரைக்கும் கொடுப்பாங்க?"

"நீங்க இருக்கிற வரைக்கும்யா."

"நூறு தாண்டிட்டா?"

"அப்பவும்தான்."

"அவங்களுக்கு நஷ்டமாச்சே."

இல்லை அய்யா, சீக்கிரம் போனவர்கள் பங்குதான் நீடித்து இருப்பவர்களுக்கு வருகிறது, கம்பெனி கைக்காசு போடவில்லை என்று விளக்கினேன். கொஞ்சநேரம் யோசித்தார். அவரோடு ஒரே நாளில் பென்ஷன் போட்ட பள்ளித் தலைமையாசிரியர், முதல் விருப்பத்தை எடுத்தவர், இரண்டு தவணைகூட வாங்கவில்லை. "அப்ப நம்ம ஹெட்மாஸ்டர் காசைத்தான் நான் சாப்பிடுறேன்னு சொல்லுங்க" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கணக்கை எனக்குப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்தவர்கள்கூட இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை. எல்லோரும் சாகாமல் இருந்துவிட்டால் அந்தப் பென்ஷன் ஃபண்டில் ஒருவருக்கும் ஒன்றும் மிஞ்சாது.

நீடித்து இருப்பதன் எல்லையைத் தொட்டவர் என்று பதிவில் நிற்கும் பெண்மணி ஜான் கல்மான். பிரான்சில் ஆர்ல் நகரத்துக்காரர். 1875இல் பிறந்து 1997இல், 122 வயதில் இறந்தார். அவருடைய கதையை ஏஜென்டுகள் சிரிப்புக்காகச் சொல்வதுண்டு. 1965இல், அவருக்கு 90 வயதானபோது, நாற்பதுகளில் இருந்த ஒரு வக்கீல் அவர் குடியிருந்த வீட்டுக்கு ஒப்பந்தம் போட்டார்: கிழவி உயிரோடு இருக்கும்வரை மாதம் 2,500 பிராங்க், போனபிறகு வீடு எனக்கு. 30 வருஷம் கொடுத்தார். வீட்டின் மதிப்பைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் கட்டிவிட்டு, 1995இல் வக்கீல்தான் முதலில் போனார். மிச்ச மாதங்களுக்கு அவர் குடும்பம் கட்டியது.

கேட்டவர்கள் வாய்விட்டுச் சிரிப்பார்கள். அந்த அம்மாள் வீட்டை ஏன் எழுதிக் கொடுத்தார் என்று யாரும் கேட்பதில்லை. ஒரே மகள் 1934இலேயே இறந்துவிட்டார். அந்த மகளின் ஒரே மகன் 1963இல் கார் விபத்தில் போனார். வீட்டை விட்டுப் போக ஆளில்லை. எங்கள் படிவத்தை அவரிடம் நீட்டியிருந்தால் கட்டிய பணம் திரும்ப வரும் விருப்பத்தைத் தொட்டிருக்கவே மாட்டார், யாருக்குத் திரும்புவது? சாக்லேட்டும் ஒயினும் விரும்பியவர், வயது ஏறிய பிறகும் பேச்சில் கிண்டல் குறையாதவர் என்று படித்திருக்கிறேன். பாவம் என்று சொல்லும்படியான வாழ்க்கை இல்லை அது. ஆனாலும் அந்த இரண்டு ஆண்டுகளைப் படித்த பிறகு இந்தக் கதையைச் சிரிப்புக்காகச் சொல்வதை விட்டுவிட்டேன்.

போன சில வருஷங்களாகப் புதுவகைப் பார்ட்டிகள் வருகிறார்கள். குத்தாலத்துப் பையன் ஒருவன், பெங்களூரில் வேலை, கல்யாணம் ஆகவில்லை. டேர்ம் பிளான் கேட்டான். எங்களிடம் இருந்தது 80 வயதோடு நின்றுவிடும் என்றேன். "அதுக்குள்ள வயசாகிறதையே நிறுத்திடுவாங்கண்ணே" என்றான். கூகுள் 2013இல் காலிகோ என்று முதுமையை ஆராயவே ஒரு கம்பெனி தொடங்கியது, பிரையன் ஜான்சன் என்ற அமெரிக்கப் பணக்காரர் 'சாகாதே' என்பதையே கொள்கையாக வைத்து நாள் முழுக்க மாத்திரையும் உடற்பயிற்சியுமாக வாழ்கிறார் என்றெல்லாம் சொன்னான். நான் ஒன்றும் மறுக்கவில்லை. எங்களிடம் இருக்கும் அட்டவணையைக் காட்டினேன்.

இந்தியாவில் பாலிசிதாரர்களின் இறப்பை வைத்துப் போட்ட அட்டவணை அது, 2012-14க்கு உரியது. 30 வயதில் ஒரு வருஷத்தில் ஆயிரம் பேரில் கிட்டத்தட்ட ஒருவர். 40இல் 1.7. 50இல் 4.4. 60இல் 11. நாற்பதுக்கு மேல் ஏழெட்டு வருஷத்துக்கு ஒருமுறை இரட்டித்துக்கொண்டே போகும். இதை 1825இலேயே லண்டனில் பெஞ்சமின் கோம்பர்ட்ஸ் என்ற கணிதர் கண்டு சொல்லிவிட்டார். ஆப்பிரிக்காவில் மண்ணுக்கடியில் வாழும் மொட்டை எலி ஒன்றுக்கு இந்த இரட்டிப்பு இல்லை என்று காலிகோ ஆட்களே 2018இல் எழுதினார்கள். வயது ஏறினாலும் ஆபத்து ஏறுவதில்லை. ஆனாலும் அந்த எலி சாகத்தான் செய்கிறது.

"சரி தம்பி, உன்னை முப்பது வயசுலயே நிறுத்திட்டாங்கன்னு வச்சுக்க" என்று கணக்குப் போட்டேன். வருஷத்துக்கு ஆயிரத்தில் ஒருவர் என்றால் சராசரியாக ஆயிரம் வருஷம் வாழலாம். பாதிப் பேர் 700 வருஷத்துக்குள் போயிருப்பார்கள், பஸ், லாரி, மின்சாரம், பாம்பு என்று ஏதாவது ஒன்றில். மூப்பை நிறுத்தலாம், மாயவரம் கும்பகோணம் ரோட்டை நிறுத்த முடியாது. இன்று பைக்கில் போகும் இருபத்தெட்டு வயதுப் பையன் ஐம்பது வருஷத்தைப் பணயம் வைத்துப் போகிறான். மூப்பு நின்றுபோன ஆள் ஆயிரம் வருஷத்தைப் பணயம் வைக்க வேண்டும். வெளியே இறங்குவானா? கிணற்றில் விழுந்த பக்கத்து வீட்டுக் குழந்தையைத் தூக்கக் குதிப்பானா? எனக்குத் தெரிந்தவரை, நிறைய இருக்கிறவன்தான் நிறைய பயப்படுகிறான். முடிவே இல்லாத வாழ்க்கை சலித்துவிடும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். சலிப்பைப் பற்றி எனக்குக் கவலையில்லை, மனிதனுக்குப் பொழுதுபோக்கத் தெரியும். பூட்டிய அறைக்குள் உட்கார்ந்து தன் ஆயுளுக்குத் தானே காவல் இருக்கும் வாழ்க்கையை நினைத்தால்தான் அச்சமாக இருக்கிறது.

பையன் விடவில்லை. "அப்ப சாகாம இருக்கவே வழியில்லையாண்ணே?" என்றான். இருக்கிறது, தஞ்சாவூர்ப் பெரிய கோயில் சுவரில் எழுதி வைத்திருக்கிறது என்றேன். எங்கள் கிளை அலுவலகத்தில் கல்வெட்டுப் பைத்தியம் பிடித்த மேலாளர் ஒருவர் இருந்தார், அவர் சொல்லித்தான் எனக்கும் தெரியும். சோழர் காலத்தில் கோயிலில் ஒரு விளக்கு நிரந்தரமாக எரிய வேண்டும் என்றால் ஆடு கொடுப்பார்கள். தஞ்சையில் ஒரு விளக்குக்கு 96 ஆடு. இடையர் அவற்றை வைத்துக்கொண்டு நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும், சந்திர சூரியர் உள்ளவரை. அந்த ஆடுகளுக்குக் கல்வெட்டுகளில் 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். சாகாத, கிழடு தட்டாத ஆடுகள். எந்த ஆடு சாகாமல் இருக்கும்? ஒன்று செத்தால் அதன் இடத்தில் குட்டி வந்து நிற்கும், எண்ணிக்கை குறையாது, நெய் நிற்காது. இடையர் போனால் அவர் பிள்ளை அளப்பார். மேலாளர் சொல்வார்: "இதாம்ப்பா நம்ம லைஃப் ஃபண்டு. 1956ல 245 கம்பெனியை ஒண்ணாக்கி நம்ம கார்ப்பரேஷனை ஆரம்பிச்சப்ப இருந்த பாலிசிதாரர்ல எத்தனை பேர் இன்னைக்கு இருக்காங்க? ஃபண்டு நிக்குதா பாரு."

அந்த 96 ஆடும் நிஜமாகவே சாகாமல் இருந்திருந்தால் இடையர் முதல் வேலையாகக் குட்டிகளை விற்றிருப்பார். மேய்ச்சல் நிலம் அவ்வளவுதான் உண்டு. பூமாதேவி முறையிட்டதும் இதையேதான். யாரும் போகாத ஊரில் கொஞ்ச காலத்தில் யாரும் வரவும் முடியாது. பிரசவ வார்டு, பள்ளிக்கூடம், பேத்தி கல்யாணம் எதுவும் இருக்காது. சாகாதவர்களும் பாசமாக இருக்கலாம், நல்லதும் செய்யலாம், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் டேர்ம் எத்தனை வருஷம் என்று கேட்டால் என்ன பதில் சொல்வார்கள்? நான் கேட்ட பதில்களில் பெரும்பாலானவற்றில் ஒரு குழந்தை இருந்தது.

பையன் அன்றைக்கு 80 வயது வரை டேர்ம் எடுத்துக்கொண்டான். நாமினி இடத்துக்கு வந்தபோது பேனா நின்றது. "எனக்கு யாருண்ணே இருக்கா?" என்று சிரித்துவிட்டு அம்மா பெயரை எழுதினான்.

பிறகு கல்யாணத்துக்குப் பத்திரிகை வந்தது. போன மாதம் போன் பண்ணினான். பெண் குழந்தையாம், நாமினியை மாற்ற வேண்டும், பாப்பா பெயரைப் போடலாமா என்று கேட்டான். போடலாம், ஆனால் மைனர் என்றால் அவள் சார்பில் பணத்தை வாங்கிக்கொள்ள அப்பாயின்ட்டீ என்று ஒரு பெரியவர் பெயர் வேண்டும் என்றேன். யாரைப் போடுவது என்று புருஷன் பொண்டாட்டிக்குள் இன்னும் முடிவாகவில்லை. அவன் தன் அம்மா என்கிறான், அவள் தான் இருக்கும்போது மாமியார் எதற்கு என்கிறாள். படிவத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி வைத்திருக்கிறேன்.